பெபீனா கழற்றிய சட்டைகள்

எங்கள் பாம்பு பெபீனாவின் வயிற்றில் அழுக்கு என்று நாங்கள் நினைத்தது புண். பெட்டியில் பரப்பியிருந்த ஈர மரத்தூளால் வந்தது என்றார் ப்ர்னோ நகர விலங்கு மருத்துவர். அக்டோபரில் இறந்தாள். பிளம் மரத்தடியில் புதைத்தோம்.

டிசம்பரில் அவளுடைய காலிக் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. வயிற்றுப் பக்கம் அதே புண்கள்.

"பாத்துக்கிட்டே நிக்காத, அயோடின் எடு," என்றாள் என் மனைவி பொஹுனா.

மரத்தூளைக் கொட்டிவிட்டு உலர்ந்த காகிதம் விரித்தோம். வெதுவெதுப்பான நீரில் அயோடினை இளந்தேநீர் நிறத்துக்குக் கலந்து, அவள் ஊறுவதற்குத் தினமும் வைத்தோம். அடுத்த சட்டையில் புண்கள் குறைந்திருந்தன. நேற்றைய சட்டையில் ஒன்றுகூட இல்லை.

"இளைச்சிருப்பா. பெரிய எலியா வை," என்றாள் பொஹுனா.

"எனக்கு இப்படி ஒருநாளாவது பாத்துப் பாத்து வச்சிருக்கியா?"

"நீ என்ன இளைச்சா போயிட்ட?"

காலையில் எலி வைத்த தட்டு காலியாக இருந்தது. நான் பெட்டிக்குள் கை விட்டேன்.

"ரெண்டு நாளைக்கு அவளைத் தூக்காத. செரிக்கட்டும்," என்றாள் பொஹுனா.

கையை எடுத்துக்கொண்டேன்.