பன்னிரண்டாவது மாடிப் பால்கனி

“மாப்பிள்ளை, உங்க வீட்டு பால்கனியில ஒரு பொம்பளை நின்னுட்டு இருந்தா.”

வேலை முடிந்து வந்தவன் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. மாமனார் சொன்னதைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பன்னிரண்டாவது மாடி மாமா. பறந்துதான் வரணும்.”

“சிரிக்காதீங்க. மத்தியானம் மூணு மணி இருக்கும். நல்ல மழை. கம்பிகிட்ட ஸ்டூலைப் போட்டு, அது மேல ஏறி நின்னு கீழேயே பாத்துட்டு இருந்தா. முதுகுதான் தெரிஞ்சுது. தலையிலேருந்து தண்ணி சொட்டிட்டு இருந்துது.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போயிட்டா.”

அவன் மனைவியைப் பார்த்தான். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “தூங்கி எழுந்த கண்ணு. ஏதோ நிழலைப் பாத்திருப்பார்” என்றாள்.

அவன் துறைமுகத்தில் கிரேன் சூப்பர்வைசர். வருஷம் பூராவும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற இந்த நாட்டுக்கு வந்து நாலு வருஷம். மனைவி வந்து இரண்டு. மாமனார் ஊரில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போனபின் தனிக்கட்டை. ‘ஒரு மாசம் எங்களோட இருங்க மாமா’ என்று டிக்கெட் அனுப்பியவன் அவன்தான். வந்த நாலாம் நாளே இந்தக் கூத்து.

மறுநாளிலிருந்து பெரியவர் பால்கனிக் கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர் சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால், “கால் வலிக்குது.” மகள் சமையல்கட்டுக்குப் போனால் பின்னாலேயே போனார். அவள் குளிக்கப் போனால் வெளியே நின்று கனைத்துக்கொண்டே இருந்தார்.

“தனியா இருக்க பயமா இருக்கு மாப்பிள்ளை” என்றார், கூச்சமே இல்லாமல்.

அவன் ஆபீசில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். “புயல்ல கம்பம் ஏறின மனுஷன்யா! ஆளில்லாத பால்கனியைப் பாத்து நடுங்குறார்.”

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் நீடித்தது.

மறந்துபோன ஃபைலை எடுக்க ஒருநாள் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. கதவைத் திறந்தால் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

மாமனார் பால்கனிக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். சட்டை நனைந்திருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

அவர் காலடியிலிருந்து கூடம் வரைக்கும் தரையில் ஈரமான பாதங்கள். சின்னப் பாதங்கள். பெண்ணின் பாதங்கள். கூடத்தில் விரித்திருந்த கம்பளம்வரை வந்து, அதோடு காணவில்லை.

கதவின் கண்ணாடிக்கு வெளியே, கம்பியை ஒட்டி ஸ்டூல்.

“யாரு மாமா?”

“அவதான். இப்பத்தான் போனா.”

சமையல்கட்டில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. “நீ ஏதாவது பாத்தியா?” என்று இங்கிருந்தே கத்தினான்.

“இல்லங்க.”

எட்டிப் பார்க்க நேரமில்லை. கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு ஓட்டமாக லிஃப்ட்டுக்குப் போனான்.

அன்று சாயங்காலமே ஆள் வந்து பால்கனிக்குக் கம்பிக் கதவு போட்டு, பூட்டும் மாட்டினான். சாவியைப் பெரியவர் இடுப்பில் முடிந்துகொண்டார். அப்படியும் நிம்மதி இல்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

“நான் ஊருக்குக் கிளம்பறேன் மாப்பிள்ளை. எனக்கு மனசு சரியில்லன்னு நினைக்கிறேன். ஊர்ல மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. ஆனா தனியாப் போக பயமா இருக்கு. இவளை ஒரு நாலு மாசம் என்கூட அனுப்பி வைங்க.”

“அப்பா...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரும்மா. பயம் எனக்கு.”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. மாமனார் முன்னால் அடக்கிக்கொண்டு, அறைக்குள் போய் மனைவியிடம் கொட்டினான்.

“வரும்போது தனியாத்தானே வந்தார்? ஊர்ல சமைச்சுப் போட ஆள் வேணும், அதுக்குப் பேய் ஒரு சாக்கு. நான் இங்க ஹோட்டல்ல சாப்பிட்டுச் சாகணுமா? உங்கப்பா மாதிரி சுயநலக்காரரை நான் பாத்ததே இல்ல.”

அவள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

விமான நிலையத்தில் மனைவி பெட்டியோடு வரிசையில் நின்றாள். மாமனாரும் மாப்பிள்ளையும் சற்றுத் தள்ளி நின்றார்கள். போகிறபோதாவது ஒரு குத்து குத்தாமல் விட அவனுக்கு மனசு வரவில்லை.

“மாமா, முப்பது வருஷம் இடியிலயும் மழையிலயும் கம்பம் ஏறினவர் நீங்க. உங்களையே நடுங்க வைக்கிற அளவுக்கு அந்தப் பொம்பளை அவ்வளவு பயங்கரமாவா இருந்தா?”

பெரியவர் வரிசையைப் பார்த்தார். அவள் காதில் விழாத தூரம்தான் என்று உறுதியானதும் அவன் பக்கம் திரும்பினார்.

“பயங்கரமா ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. ரெண்டு தடவையும், ‘எறங்கி வாம்மா’ன்னு கூப்பிட்டேன். நான் பெத்த பொண்ணாச்சே, எறங்கி வந்துட்டா.”