நாடாவுக்கு அந்தப் பக்கம்

நாடாவைப் பிடித்தபடி நின்றாள்.

மஞ்சள் நாடா. சைக்கிள் போட்டிக்காகப் பாதையின் இருபுறமும் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் டீக்கடை, அதைத் தாண்டிப் பஸ் நிற்கும் இடம். பத்தே நாற்பதுக்குப் பஸ். அதை விட்டால் மாலை நான்கு மணிக்குத்தான்.

தோளில் துணிப்பை. உள்ளே மூன்று சேலை, ஒரு வேலை உத்தரவு. கீழே நகரத்தில் மாணவியர் விடுதியில் சமையல் வேலை. இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

இன்றுதான் கடைசி நாள்.

ஒரு சைக்கிள் சீறிக்கொண்டு இறங்கியது. புழுதி அடங்குவதற்குள் இன்னொன்று.

அண்ணன் பொன்னுரங்கம் வாயிலிருந்து விசிலை எடுத்தான்.

"பொறு தவமணி. வண்டிக்கு வண்டி அரை நிமிஷங்கூட இல்ல. குறுக்க போனா அடிச்சுத் தூக்கிரும்."

பொய்யில்லை. அவன் சொல்வது எப்போதுமே பொய்யாக இருப்பதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையை மூடியபோது பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலையிறங்கியது. சைக்கிள் பாதை போட்டால் வெளியூர் ஆட்கள் வருவார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் அவன்தான். சிரித்தார்கள். பதினெட்டுப் பெண்கள் மட்டும் மண்வெட்டியோடு வந்தார்கள். முதல் ஆளாக அவள். இரண்டு வருஷம். இருபத்து மூன்று கிலோமீட்டர்.

ஆட்கள் வந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து, பெங்களூரிலிருந்து. பூட்டிய வீடுகள் திறந்தன. மெஸ்ஸில் மறுபடி அடுப்பு எரிந்தது.

ஊர் பிழைத்துக்கொண்டது.

அவள்தான் மாட்டிக்கொண்டாள்.

ஒவ்வொரு மழைக்கும் பாதை கரையும். எந்த வளைவில் தண்ணீர் எப்படி இறங்கும், எங்கே வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். பெண் கேட்டு வந்தபோது, இந்த மழை முடியட்டும் என்றான் அண்ணன். பால்வாடியில் வேலை வந்தபோது, போட்டி முடியட்டும் என்றான். அந்த மாப்பிள்ளைக்கு இப்போது ஒரு குழந்தை. பால்வாடிக்கு வேறொருத்தி போகிறாள்.

இந்த முறை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பையைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மணி பத்து முப்பத்தைந்து.

அடுத்த சைக்கிள் வளைவில் சறுக்கியது. ஓட்டி வந்தவள் தூக்கி எறியப்பட்டாள். எலும்பு முறியும் சத்தம் இங்கே கேட்டது.

அண்ணன் விசிலை நீளமாக ஊதினான். வாக்கிடாக்கியில் மேலே இருப்பவர்களை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். அதற்குள் தவமணி நாடாவுக்குக் கீழே குனிந்து நுழைந்திருந்தாள்.

இருபது வயதுப் பெண். நெற்றியில் ரத்தம். தோள் ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. பையிலிருந்து ஒரு சேலையை உருவி, கையை நெஞ்சோடு அசையாமல் சேர்த்துக் கட்டினாள்.

மற்றக் கையால் அந்தப் பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிராதீங்கக்கா."

போகவில்லை.

டீக்கடைப் பக்கம் பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். கிளம்பியது. சில்வர் ஓக் மரங்களுக்கிடையே அதன் வெள்ளைக் கூரை முதல் வளைவில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் நெற்றியைத் துடைத்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா? நீ இல்லேன்னா இந்தப் புள்ள என்ன ஆயிருக்கும்?"

கீழ் வளைவில் இறங்கும் அந்த வெள்ளைக் கூரையை அவனும் பார்த்தான். அவன் தோள் தளர்ந்தது.

"அடுத்த மழை முடியட்டும். நானே கூட்டிட்டுப் போய் விடறேன்."

அவன் குரலில் பாசம் இருந்தது.

பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. டீக்கடைப் பக்கமும் போகவில்லை.

சாலைக்குப் பதினான்கு கொண்டைஊசி வளைவு. இங்கிருந்து இரண்டே கிலோமீட்டரில் பாதை நேரே கீழ்ச்சாலைக்கு இறங்கும்.

ஓடினாள்.

பின்னால் அவள் பெயர் கேட்டது. பிறகு விசில். செருப்பு வார் அறுந்தது. உதறிவிட்டு ஓடினாள். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று பாதத்துக்குத் தெரிந்திருந்தது. மரப்பாலம். பாறை இடுக்கு. செங்குத்துச் சரிவு. எல்லாம் அவள் வெட்டியது. ஒரு நாள்கூட அதில் ஊரை விட்டுப் போக இறங்கியதில்லை.

பாதை கீழ்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகளை நிறுத்த நீலாவதி காவலுக்கு நின்றிருந்தாள். இரண்டு வருஷம் பக்கத்தில் நின்று மண் வெட்டியவள். அவள் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"நீலாவதி, தவமணி வர்றா. நிறுத்து. பஸ் ஏற விடாத. கேக்குதா?"

தவமணி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

நீலாவதி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். புழுதி அப்பிய முகம். கையில் யாருடையதோ ரத்தம். தோளில் பை. வெறுங்கால்.

மேல் வளைவில் பஸ் உறுமிக்கொண்டு இறங்கும் சத்தம். இங்கே நிறுத்தம் கிடையாது. கை காட்டினாலும் அந்த டிரைவர் நிறுத்துகிறவர் இல்லை.

"கேக்குதா நீலாவதி?"

நீலாவதி வாக்கிடாக்கியின் குமிழைத் திருகி அணைத்தாள்.

மரத்தில் சாத்தியிருந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு சாலையின் நடுவே போய் நின்றாள்.