பிழையில்லாத பதில்

"தப்பே இல்லை! ஒரு எழுத்துகூட தப்பில்லை! அதாம்மா எனக்கு வயிறு எரியுது!"

ஆங்கில வாத்தியார் மூன்று கடிதங்களையும் மேஜைமேல் அறைந்தார். லிஃப்ட் கம்பெனியின் வரவேற்பில் இருந்த பெண் பதறி எழுந்துவிட்டாள்.

"உட்காருங்க சார்..."

"உட்கார வரலை. எங்க லிஃப்ட் நின்னு மூணு மாசமாச்சு. நாலாவது மாடியில எங்கப்பா, பக்கவாதம். பிசியோதெரபிக்குப் போய்ப் போய் இப்பத்தான் விரல் அசைய ஆரம்பிச்சுது. கீழே இறங்க வழியில்லாம, மறுபடியும் கை மரக்கட்டையாட்டம் கிடக்கு!"

நேற்று மச்சானும் அவரும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். படி திரும்பும் இடத்தில் மனுஷன் பயந்து அலறிவிட்டார்.

"பதில் போட்டோமே சார்..."

"போட்டீங்க! முதல்ல 'வி டீப்லி ரிக்ரெட்'. அப்புறம் 'ரெஸ்ட் அஷ்யூர்ட்'. இப்ப 'அட் தி எர்லியஸ்ட்'. எதிலயாவது ஒரு தேதி இருக்கா? வழவழா கொழகொழா! எங்கிட்டயேவா இந்தப் பூசி மெழுகற வேலை?"

உண்மையில், அவருடைய மாணவன் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் ஆன்லைன் வகுப்பு என்று ஆங்கிலத்திலேயே ஊறியவர். ஒவ்வொரு சொற்றொடரும் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்ததுதான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது.

அந்தப் பெண் கடிதங்களைப் பார்க்கவே இல்லை. அவர் குரலையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"யார் எழுதினது? நீயா?"

"நாந்தான் சார்."

"கை கூசலை? 'எப்ப சரியாகும்னு எங்களுக்கே தெரியலை'ன்னு உள்ளதை உள்ளபடி ஒரு வரி எழுதினா குறைஞ்சா போயிடுவே? நாங்க வேற ஆளையாவது கூப்பிட்டிருப்போமே!"

"முதல்ல அப்படித்தான் சார் எழுதிப் பழகினேன். இப்படியெல்லாம் பட்டவர்த்தனமா எழுதக் கூடாதுன்னு அடிச்சுட்டு, இந்த மூணு சொற்றொடரையும் போடச் சொன்னாங்க."

"எவன் அந்த மகானுபாவன்? கூப்பிடு அவனை! நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

அவள் தயங்கினாள்.

"உங்க ஆன்லைன் வகுப்புல, நீங்கதான் சார்."