சத்தம் கேட்டால் வளையம்

பிளாஸ்டிக் வளையத்தைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டதும் வளையத்தைக் குச்சியில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் காதுப் பரிசோதனை.

சின்ன அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. கதவைச் சாத்தியதும் வெளி உலகமே இல்லாமல் போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்லின் மேடம் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மகள் எப்சியும் அவனும், எதிரெதிரே.

மூலையிலிருந்த ஸ்பீக்கரில் மெலிதாக ஒரு சத்தம் வந்தது. தூரத்துக் குருவிபோல.

எப்சி வளையத்தை மாட்டினாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுபடியும் சத்தம். இன்னும் மெலிதாக.

மாட்டினாள். மாட்டிவிட்டுச் சிரித்தாள்.

பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை. இரண்டு வயது நிறைவதற்குள் ஆபரேஷன் செய்து, உட்காதுக்குள் முடிபோல ஒரு கம்பியைச் செருகினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு கருவி. அதைப் போட்டுவிட்ட கொஞ்ச நாளில், குக்கர் விசிலடித்தபோது எப்சி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவன் மனைவி ரெஜினா அடுப்பை அணைக்கவில்லை. விசில் அடிக்க அடிக்க, பிள்ளை திரும்பிப் பார்க்கப் பார்க்க, நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பருப்பு கரைந்தே போயிற்று.

அப்புறம் சொற்கள் வந்தன. அம்மா. அப்பா. பூனை. சீனி.

இந்த வருஷம் அவள் வாயில் சீனி, ஈனி ஆயிற்று.

பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. சேட்டை என்று நினைத்தார்கள். பிறகு கருவியில் கோளாறு என்று நினைத்தார்கள். கருவியை மாற்றிப் பார்த்தார்கள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. உள்ள கம்பியச் சுத்திச் சதை வளந்து மூடுது" என்றார் டாக்டர். "உங்களுக்குத் தெரியாததா, சார்?"

தெரியும்.

அதைத்தான் அவன் படித்துக்கொண்டிருந்தான். முனைவர் பட்டத்துக்கு. உடம்புக்குள் வைக்கிற அந்நியப் பொருளை உடம்பு என்ன செய்கிறது என்பது ஆராய்ச்சி. அதில் சேர்ந்தபோது எப்சி பிறந்திருக்கவில்லை.

எலியின் தோலுக்கடியில் அரிசி அளவு சிலிக்கோனை வைப்பான். பிறகு சதையோடு எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பான். செல்கள் முதலில் அதைத் தின்னப் பார்க்கும். முடியாது. ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி மறுபடி தின்னப் பார்க்கும். அப்போதும் முடியாது. கடைசியில் அதைச் சுற்றிச் சுவர் கட்டிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் அந்தச் சுவர் நீலமாகத் தெரியும். அழகாகக்கூட இருக்கும்.

சிலிக்கோனின் மேல் எத்தனையோ பூச்சுகளைப் பூசிப் பார்த்துவிட்டான். சுவர் எழும்புவதைத் தள்ளிப்போட முடிந்தது. தடுக்க முடியவில்லை. தள்ளிப்போட்டதற்கே கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

மகளின் காதுக்குள் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு செல்லின் பெயரோடும் அவனால் சொல்ல முடியும். எதுவுமே நோய் இல்லை. எந்தச் செல்லும் தப்புச் செய்யவில்லை. அவள் உடம்பு அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

"எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம்" என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். "திரும்ப மூடாதுன்னு சொல்ல முடியாது."

ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எழுதி வைத்திருந்தான்.

காலையில் பஸ்ஸில் ரெஜினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி பண்ணுதீங்க. நம்ம பிள்ளைக்கு ஒரு வழி சொல்ல மாட்டீங்களா?"

அவன் மடியில் தூங்கிய எப்சியின் தலையைச் சரிசெய்தான்.

இப்போது ரெஜினா வெளியே நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். போய்ச் சொல்லலாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் வளையம் மாட்டிவிட்டாள், டாக்டர் சொன்ன அளவுக்கு மோசமில்லை என்று.

ஸ்பீக்கர் மறுபடி ஒலித்தது. மாட்டினாள். அவன் சத்தமில்லாமல் கைதட்டிக் காட்டினான்.

கண்ணாடிக்கு அப்பால் மெர்லின் மேடம் கருவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு மைக்கை அழுத்தினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. சத்தம் வந்ததும் நீங்க கண்ண மூடித் தொறக்கீங்க. பிள்ள அதப் பாத்துத்தான் மாட்டுது. கொஞ்சம் சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுங்க."

அவனுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

திரும்பி உட்கார்ந்தான்.

சாம்பல் நிறப் பஞ்சில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

சத்தம் வந்தது. பின்னால் ஒன்றும் விழவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக.

இன்னும் பலமாக.

குச்சியில் வளையம் விழும் ஓசை எவ்வளவு சிறியது. அவன் அதற்காக மூச்சைக்கூட நிறுத்தினான்.

நாற்காலி நகர்ந்தது.

சுவருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் எப்சி நுழைந்தாள். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வளையத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

தயார்.

ஸ்பீக்கர் அலறியது. அவனுடைய பல் கூசியது.

அவன் இமைக்கவில்லை.

அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.