கவர்னர் கொடுக்காத கயிறு

எங்கள் கவர்னர் அப்னர் ஹாலோவெல்லைப் போல ஒரு கஞ்சனை அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பிடிக்க முடியாது. நான் அவருடைய குமாஸ்தா, எனக்குத் தெரியாதா?

வந்த கடிதத்தின் உறையைத் திருப்பிப் போட்டுத்தான் அரசாணையே எழுதுவார். பதவியேற்பு விருந்துக்கு என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு கிண்ணம் சோளக்கூழ்!

கேட்டால், "நாங்க குவேக்கர் சபைக் கிறிஸ்தவங்கப்பா. எளிமைதான் எங்க மதம்" என்பார்.

தலைமை நீதிபதி வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார். நீதிபதியும் 'நீ'தான், வண்டிக்காரனும் 'நீ'தான். மரியாதையில்கூடச் சிக்கனம்!

அன்றைக்கு ஷெரிஃப் டிங்லி கொதித்துக்கொண்டு வந்தார்.

"என்னய்யா இது அநியாயம்? தூக்குமேடை உளுத்துப்போச்சு, மரமும் கயிறும் வேணும்னு மூணு தடவை எழுதிட்டேன். மூணு தடவையும் 'தேவையில்லாத செலவு'ன்னு திரும்பி வருது! வெள்ளிக்கிழமை அந்தக் கொலைகாரன் லெமுவேலைத் தூக்குல போட்டாகணும். மன்னிக்க முடியாதுன்னு சட்டசபையே சொல்லிடுச்சு."

"கயித்துக்கே மூக்கால அழற மனுஷன், மரமா தரப்போறாரு?" என்று சிரித்தபடி உள்ளே அழைத்துப் போனேன்.

"கவர்னர் அவர்களே..."

"அப்னர்னே கூப்பிடு. என்ன விஷயம்?"

"கயிறு..."

"தேவையில்லாத செலவு."

"சரி, என் கைக்காசைப் போட்டு வாங்கிக்கறேன்!"

"அரசாங்க வேலைக்குச் சொந்தக் காசா? சட்டம் ஒத்துக்காதே."

ஷெரிஃபுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா அந்தக் கொலைகாரனுக்கு உக்காத்தி வச்சு சாப்பாடு போடறோம். அந்தச் செலவுல நூறு கயிறு வாங்கலாம்! சிக்கனம் தெரிஞ்சவர் பண்ற காரியமா இது?"

சபாஷ், சரியான இடத்தில் அடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சனைக் கஞ்சத்தனத்தாலேயே மடக்கிவிட்டாரே!



"நீ சொல்றதும் யோசிக்க வேண்டிய விஷயந்தான்" என்று கவர்னர் பேனாவை எடுத்து நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

லெமுவேல் தொலைந்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஷெரிஃப் வெற்றிச் சிரிப்போடு வாங்கி, சத்தமாகவே படித்தார்.

"கைதி லெமுவேலுக்கு இன்று முதல் தினமும் ஒரு ரொட்டி கூடுதலாகக் கொடுக்கவும். குளிருக்குக் கம்பளி ஒன்று வாங்கவும். நல்ல தடிமனாக இருக்கட்டும், அடுத்த குளிர்காலத்துக்கும் அவனுக்கு வேண்டியிருக்கும்."