ஒன்பது மேடு

அவன் மூன்றாவது பெட்டியையும் பிரித்து மேஜைமேல் நிறுத்தினான்.

மூன்றும் ஷாக் அப்சார்பர். மூன்றும் ஒரிஜினல் என்றான்.

மருதாசலம் இருபது வருஷமாக இந்தக் கடை வைத்திருக்கிறான். இருபது வருஷமாக எனக்கு அவன் வார்த்தையில் நம்பிக்கை கிடையாது. பெட்டி ஒரிஜினலாக இருக்கும். உள்ளே இருப்பதை அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அமுக்கினேன்.

முதலாவது கேஸ் அடைத்தது. உள்ளங்கையை எடுத்ததும் கம்பி விருட்டென்று மேலே வந்தது. என் வண்டிக்கு எப்போதும் இதைத்தான் போடுவேன். வளைவில் சாயாது. ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்.

அவளுக்கு ஆகாது.

இரண்டாவதில் ஒரு திருகு இருந்தது. இறுக்கலாம், இளக்கலாம். கடைசிவரை இளக்கிவிட்டு அமுக்கினேன். அப்போதும் கையை எதிர்த்துத் தள்ளியது.

அவளுக்கு ஆகாது.

மூன்றாவது வெறும் ஆயில். பழைய டாக்ஸிக்குப் போடுவது. நிமிர்த்திப் பிடித்து நாலு தரம் அடித்தேன், உள்ளே இருக்கிற காற்று போக. அஞ்சாவது தரம் சத்தமில்லாமல் இறங்கியது. இறங்கின இடத்திலேயே நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் அமுக்கினேன்.

"ஏனுங்ணா, இது ரேஸ் வண்டிங்ணா. தொட்டில் கட்டப் போறீங்களா? இதப் போட்டா வளைவுல அலையும். அடி தரையில இடிக்கும்."

"வண்டி என்னுது. நாலு எடு."

ரெண்டே சீட்டுக் கார். மில் முதலாளியின் மகன் ரேஸ் ஓட்டினது. நான்தான் மெக்கானிக். அவர் ஊரை விட்டுப் போகிறபோது எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கும் ஆர்.சி. புக்கில் என் பேர் ஏறியிருக்கிறதா என்று ரெண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

முப்பத்திரண்டு வருஷமாக இடது சீட்டு என் பெண்டாட்டியுடையது. கொஞ்சம் வேகமாகப் போனால் போதும், என் தொடையில் கிள்ளுவாள். வாயைத் திறக்க மாட்டாள். கிள்ளுவாள்.

இப்போது புற்றுநோய் முதுகெலும்பில் உட்கார்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை தோறும் கரண்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். வழியில் ஒன்பது வேகத்தடை.

ஒன்பதிலும் என் கையைப் பிடிப்பாள். நகம் இறங்கும்.

ஒரு தரம் ஆம்புலன்ஸில் போனோம். டிரைவர் போனில் சிரித்துக்கொண்டே நாலாவது மேட்டில் ஏற்றி இறக்கினான். அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

அதற்கப்புறம் எவன் வண்டியிலும் அவளை ஏற்றவில்லை.

*

நானே மாட்டினேன். வேறு ஒருத்தன் கையை உள்ளே விடவில்லை. நட்டு ஒவ்வொன்றையும் ரெண்டு தரம் இறுக்கினேன்.

இடது சீட்டில் ஒரு சொம்பு தண்ணீரைத் தளும்பத் தளும்ப வைத்தேன். சுற்றிலும் துண்டை அண்டக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் பார்த்தேன்.

பாதிச் சொம்பு இருந்தது.

பழைய ஷாக்கில் மூன்றாவது மேட்டிலேயே சொம்பு உருண்டிருக்கும். அதுக்கு இது தேவலை. ஆனால் பாதி சிந்தியிருக்கிறது. அப்படியென்றால் வலிக்கும். குறைச்சலாக வலிக்கும்.

சீட்டைத் துடைத்து வெயிலில் காய வைத்தேன்.

*

செவ்வாய்க்கிழமை காலை.

அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். முதுகுக்கு ஒரு தலையணை. இடுப்புக்கு ஒன்று.

முதல் மேடு. முதல் கியரில், குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். கையைப் பிடித்தாள். நகம் இறங்கவில்லை.

ரெண்டாவது. பிடித்தாள்.

"ரோட்டுக்குப் புதுசாத் தார் போட்டுட்டாங்களாங்க?"

ஆமாம் என்றேன்.

மூன்றாவது. விரல் மட்டும் பட்டது. நாலாவதும் அப்படித்தான்.

அஞ்சாவதில் கை வரவில்லை.

ஷாக் வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஆறாவதிலும் வரவில்லை. மருதாசலத்தை மனசுக்குள் நல்லவன் என்று சொன்னேன். இருபது வருஷத்தில் முதல் தரம்.

ஏழாவதில் வண்டி இறங்கும்போது அவள் தலை கதவுப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே நின்றது.

கை மடியில் கிடந்தது. மல்லாந்து.

சொம்பே பாதி சிந்தியது. வலிக்காமல் இருக்காது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. தொட்டும் பார்க்கவில்லை. யார் என்ன சொன்னாலும் சோதிக்காமல் நம்பாதவன் நான்.

பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் எட்டாவது மேடு தெரிந்தது. ஒன்பதிலும் அதுதான் பெரிசு. ஒரு ஆள் இல்லை, ஒரு வண்டி இல்லை.

ரெண்டாவது கியர் போட்டேன். மூன்றாவது போட்டேன்.

பிரேக்கில் கால் வைக்கவில்லை.

இடது தொடையை மட்டும் அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.