இலவச நத்தை

கல்லூரி நூலகத்துக்குச் சோதனைக்காக ஒரு புதிய ஆய்வுத் தரவுத்தளம் வந்திருந்தது. படிக்கவே வேண்டாம், நெற்றியில் வில்லையை ஒட்டினால் எல்லாம் தலைக்குள் இறங்கிவிடும். நூலகர் வந்தவர் போனவர் நெற்றியிலெல்லாம் ஒட்டினார். இலவசக் காலம் முடிந்தால், முன்பே தெரிந்ததையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விடும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வயல் நத்தைகளின் தூக்கம் பற்றிய வாய்மொழித் தேர்வில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஆய்வு மாணவி பியூலா, இலவசக் காலம் முடிந்த நொடியில் “ஆகவே நத்தை...” என்று நின்றாள். நத்தைக்குக் கால் உண்டா? கொம்பு உண்டா? இத்தனை வருட உழைப்பும் போச்சே என்று நெற்றியில் இருந்த வில்லையைத் தேய்த்துப் பார்த்தாள்.

காலையில் நூலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்த தேர்வாளர், நெறியாளரைப் பார்த்தார். நெறியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

“பிரமாதம்மா! பட்டம் குடுத்துரலாம்,” என்ற தேர்வாளர், கையெழுத்துப் போடக் குனிந்தபடி குரலைத் தாழ்த்தினார். “ஆமா, நத்தைன்னா என்னதும்மா?”